தொட்டிக்குள் வந்த புதியவன்

“அது அதன் பிறவிக் குணமப்பா!”—எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்! சொல்லிவிட்டால் போதும், காரணம் தேட வேண்டியதில்லை, மாற்றுக் காண வேண்டியதில்லை, கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கலாம். என் வீட்டு உப்புநீர்த் தொட்டியிலே நடந்த அடிதடியைக் கண்டு நண்பரொருவர் உதிர்த்த வாசகம் இது.

300 லிட்டர்த் தொட்டி. ஓராண்டாக அதிலே கோலோச்சி வந்தது ஒரு டாமினோ மீன். கரிய மேனி, வெள்ளைப் புள்ளி மூன்று, நீளம் ஏழு செண்டிமீட்டர்தான். ஆணவமோ ஏழு முழம்! ஊர் மாறிச் சென்ற உறவினர் என்னிடம் ஒப்படைத்துப்போன சின்னஞ்சிறு கோமாளி மீனை, மூன்று வாரம் தனிக்கலத்தில் வைத்து, நோயில்லை எனக் கண்டு, தொட்டியில் விட்டேன். அரைமணி நேரம் ஆகவில்லை. வால் கிழிந்தது. நீரிறைக்கும் குழாயின் பின்னே ஒடுங்கிற்று புதியவன். இரை போட்டேன், தீண்டவில்லை. இப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் பிணம்தான்.

பிறவிக் குணமா இது? கடலைப் பாருங்கள். ஒரே கடற்சாமந்தியின் கைகளுக்கிடையே இளம் டாமினோக்களும் கோமாளி மீன்களும் சேர்ந்து வாழ்வதுண்டு. அங்கேயும் சண்டை இல்லாமலில்லை. ஆனால் துரத்தப்பட்டது சில முழ தூரம் விலகினால், துரத்தியது திரும்பிவிடும். இங்கோ எத்திசை ஓடினாலும் கண்ணாடிச் சுவர்! ஓடியவன் எதிரியின் எல்லைக்குள்ளேயே நிற்கிறான். அடித்தவன் கண்ணுக்கோ, அவன் அடங்க மறுத்தவனாகத் தெரிகிறான். சுவரை எழுப்பியது மீனா? மீன் வளர்ப்பவர்களாகிய நாம்!

ஆஸ்திரிய நாட்டறிஞர் கான்ராட் லோரன்ஸ், 1963இல் மூர்க்கத்தைப் பற்றி நூலெழுதியபோது, பவளப்பாறை மீன்களிலிருந்தே தொடங்கினார். மூர்க்கம் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், வடிகால் தேடிப் பீறிடும் என்பது அவர் கொள்கை. 1973இல் நோபல் பரிசு பெற்றவர். 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவரும் அவரே. பரிசுக்காகத் தலையாட்டவும் வேண்டாம், கட்சிக்காகக் காதைப் பொத்தவும் வேண்டாம். கூற்றை மட்டும் எடைபோடுவோம். தன்னினத்தின் மீதே மீனுக்குச் சீற்றம் மிகுதி என்று அவர் கண்டது பெரிதும் மெய். ஊறிப் பீறிடும் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை.

ஜப்பானின் ஓகினாவாவில் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வொன்றில், கோமாளி மீன் கூட்டத்திடம் பிற மீன்களைச் சிறு பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். தம்மைப் போலவே மூன்று வெண்பட்டை உடையதைத்தான் அவை மிகுதியாகத் தாக்கின! ஏன்? தன் இடத்தைப் பறிக்கக் கூடியவன் தன்னைப் போன்றவனே. ஆக, கண்மூடித்தனமான வெறியல்ல இது, இடத்தைப் பற்றிய அச்சம். அச்சத்துக்குக் காரணம் உண்டெனில், காரணத்தை மாற்றவும் வழியுண்டு அல்லவா?

மாற்றினேன். துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியொன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, காயம்பட்டதை அதிலே குடியேற்றினேன். முதல் நாள் முழுதும் பெட்டியை முட்டிற்று டாமினோ. என்ன மூர்க்கம், என்ன ஆவேசம்! (தொட்டிக்கு வெளியே முகக்கண்ணாடி வைத்தால் தன் நிழலோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போகும் என்பார்கள்; வைத்துப் பார்த்தேன், சிரிப்புக்குத்தான் உதவிற்று.) நான்காம் நாள் முட்டுவது ஓய்ந்தது. பெட்டிக்குள்ளே வால் ஆறத் தொடங்கியது, இரையும் இறங்கிற்று.

அன்று மாலை பாறைகளையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினேன். பழைய பொந்து இல்லை, பழைய எல்லையும் இல்லை. பட்டாப் பத்திரம் பறிபோன பண்ணையார்போல் அலைந்தது டாமினோ! புதிய அடுக்கில் ஒளிவிடங்கள் பல வைத்தேன். இருவருக்கும் வயிறார இரையிட்டு, விளக்கணைத்து, இருளில் கோமாளியைத் திறந்துவிட்டேன். விடிந்ததும் பார்த்தேன்: இருவருமே புதிய ஊரில் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

துரத்தல் இன்றும் உண்டு, துடுப்பு கிழிவதில்லை. எல்லாத் தொட்டியிலும் இது பலிக்குமென்று சத்தியம் செய்யமாட்டேன். காயம் வளர்ந்தால், இரை மறுத்தால், உடனே பிரித்தாக வேண்டும். தொடக்கத்திலேயே சாதுவை முதலிலும் முரடனைக் கடைசியிலும் விட முடிந்தவர்களுக்கு இத்தனை பாடும் வேண்டியிராது. என் டாமினோவோ முழு வளர்ச்சியில் 14 செண்டிமீட்டர் தொடக்கூடியது. பெரிய தொட்டிக்கு விலை கேட்டு வருகிறேன்.