ஆருக்குத் தெரியப் போகுது?

எங்கட ஊர்ப் பெண்களுக்கு மார்பில வருத்தம் வந்தா அதுக்குப் பேர் இல்லை. "அவவுக்கு அந்த வருத்தமாம்" எண்டு ஒரு மாமி சொல்லுவா, மற்ற மாமி தலையை ஆட்டுவா. இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எண்டு எங்க போனாலும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல இன்னும் கூச்சம். ஒலுவில் கம்பஸில் படிக்கிற நாங்களும் அந்தக் கூச்சத்தோடதான் வளர்ந்தோம்.

மார்பை அகற்றிப்போட்டு வீடு வருகிற ராத்தாமாருக்கு ஊர் சொல்ற ஆறுதல் ஒண்டு இருக்கு. "உசிர் தப்பினதே அல்ஹம்துலில்லாஹ். அபாயா போட்டா ஆருக்குப் புள்ள தெரியப் போகுது?" முதல் வசனத்தோட எங்களுக்குப் பிணக்கில்லை. இரண்டாவதுதான் பிரச்சினை. ஆறுதல் மாதிரி வந்து அவவின் வாயை மூடிவிட்டுப் போகுது அது. வெளியில நிற்கிறவங்களுக்குத் தெரியாதுதான். குளிக்கும்போது அவவுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாரம் குறைஞ்சதால தோளும் கழுத்தும் இழுக்கிறதும் அவவுக்குத்தான் தெரியும்.

எங்களுக்குத் தெரிஞ்ச ராத்தா ஒருவர் மருதமுனைக் கைத்தறித் துணியில சின்னப் பை தைச்சு, பஞ்சுக்கு நடுவில கொஞ்சம் அரிசி வைச்சுப் பாவிக்கிறா. "வெறும் பஞ்சு மேல ஏறிவருது, பாரம் வேணும்" எண்டா. கடைகளில் விற்கிற சிலிக்கன் செயற்கை மார்பையும் இதே காரணத்துக்காகத்தான் பாரமாகச் செய்யிறாங்க எண்டு பிறகு வாசிச்சுத் தெரிஞ்சுகொண்டோம். அவவுக்கு அதை ஆரும் சொல்லிக்கொடுக்கல்ல.

சத்திரசிகிச்சையிலும் வழிகள் இருக்கு. ஒண்டு, சிலிக்கன் இம்ப்ளான்ட். 1962இல் அமெரிக்காவின் டெக்சஸில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அது ஆயுளுக்கும் நிற்கிற பொருள் இல்லை. 2010இல் பிரான்ஸின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலைத் தர சிலிக்கனை நிரப்பி விற்றது வெளியில வந்தது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம், அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிஞ்சதால, மேற்பரப்பு சொரசொரப்பான தன் இம்ப்ளான்ட்களை உலகம் முழுக்க மீளப் பெற்றது. இப்படியான காரணங்களால அதை எடுத்துவிடுகிற பெண்களும் இருக்காங்க. எடுத்த பிறகு சிலர் அப்படியே விடுவாங்க, சிலர் தொங்கின தோலைத் தூக்கித் தைப்பாங்க, சிலர் வேற இம்ப்ளான்ட் வைப்பாங்க. வயிற்றிலோ தொடையிலோ உள்ள கொழுப்பை எடுத்து ஊசியால ஏற்றுறதும் உண்டு. அதில ஒரு பகுதியை உடம்பு உறிஞ்சிவிடும், அதனால திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரலாம்.

மற்ற வழி, முதுகுத் தசையாலோ அடிவயிற்றுத் தோலாலும் கொழுப்பாலுமோ புது மார்பு கட்டுறது. கதிர்ச் சிகிச்சை எடுத்தவங்களுக்கு இம்ப்ளான்டைச் சுற்றி இறுக்கம் வரும் வாய்ப்பு அதிகம் எண்டபடியால் இது பொருத்தமா இருக்கலாம். ஆனால் பெரிய ஒப்பரேஷன், இன்னொரு இடத்திலும் தழும்பு.

எல்லாரும் மார்பைத் திரும்பக் கட்டவேணும் எண்டு நாங்க சொல்லல்ல. அமெரிக்கக் கவிஞர் ஓட்ரி லோர்ட் 1978இல் ஒரு மார்பை இழந்த பிறகு செயற்கை மார்பு வைக்க மறுத்தா. அது இல்லாம வந்ததுக்கு வைத்தியரின் தாதியே அவவைக் குறை சொன்னா. 1980இல் வந்த புத்தகத்தில் அதை எழுதியிருக்கா. தட்டையா இருக்கிறதும் ஒரு தெரிவு. ஆனா தெரிவு எண்டு சொல்ல முதல் மற்ற வழிகளும் அவவுக்குத் தெரிஞ்சிருக்கோணும்.

"அல்லாஹ் படைச்சதை மாத்தலாமா?" எண்டு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற தோழர் வெள்ளியில மூக்கு செய்து வைத்தார், அது நாறத் தொடங்க, தங்கத்தில் செய்யும்படி நபியவர்கள் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிற ஹதீஸ் இது. 2007இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, இழந்ததைச் சீர்செய்யும் சிகிச்சையையும் வெறும் அழகுக்கான சிகிச்சையையும் பிரித்துத் தீர்மானம் எடுத்தது. அகற்றப்பட்ட மார்பைத் திரும்ப அமைக்கிறது முதல் வகை.

பக்கத்து ஊர் காரைதீவில் வைகாசி வந்தா கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கும். இடது மார்பைத் திருகி எறிந்த பெண்ணின் சூட்டைத் தணிக்கிற சடங்கு. அந்தக் கரையிலேயே வாழ்கிற நாங்க, எங்கட வீட்டில மார்பை இழந்த பெண்ணிடம் "எரியுதா?" எண்டுகூடக் கேட்கிறதில்லை.

மட்டக்களப்பு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஒரு இரவு பஸ். டொக்டருக்கு முன்னால மாப்பிள்ளையும் மகனும் நிற்பாங்க, கேள்வி எல்லாம் அவங்கதான் கேட்பாங்க. அதில "மார்பைத் திரும்ப அமைக்கலாமா, இப்பவா பிறகா?" எண்ட கேள்வி வராது. பல பேருக்கு அதே ஒப்பரேஷனில் செய்யலாம், பிறகும் செய்யலாம். அதனால உம்மாவோ சாச்சியோ போகும்போது எங்களில ஒருத்தி கூடப் போவோம் எண்டு முடிவெடுத்திருக்கிறோம். வருத்தம் வர முந்தியே, 35 வயசு தாண்டினவங்களை எம்.ஓ.எச். அலுவலகத்து வெல் வுமன் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவும் வேணும். போகும்போது அந்த வருத்தத்தின் பேரைச் சொல்லியே கூட்டிப் போவோம்.