வெள்ளிக் காசில் முதுமையுற்ற மன்னன்

துருக்கி நாட்டின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 அடி உயரத்திலுள்ள மேட்டுநிலத்தில் கைசேரி என்னும் நகரம் அமைந்துளது. அதன் தெற்கே 12,800 அடிக்கு மேல் உயர்ந்து, பனிமுடி தரித்து நிற்பது எர்ஜியஸ் மலை. கருங்கற் கோட்டை மதிலின் ஓரமாக நாம் நடந்து சென்றபொழுது, அம்மலையே நம் கண்களை மீண்டும் மீண்டும் ஈர்த்தது.

பண்டைக் கிரேக்கர் இதனை அர்கேயஸ் என்றழைத்தனர். இதன் உச்சியேறியோர் மிகச் சிலரே என்றும், வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து வடகடலையும் தென்கடலையும் ஒருங்கே காணலாம் என அவர்கள் கூறினர் என்றும் புவியியலாசிரியர் ஸ்திராபோ எழுதியுள்ளார். மலையடியிலிருந்த மசாக்கா நகரமே கப்படோசியா என்னும் சிற்றரசின் தலைநகர்.

இவ்வரசின் வரலாற்றை அதன் வெள்ளிக் காசுகளே நமக்கு உரைக்கின்றன. திராக்மா எனப்படும் அக்காசு ஏறக்குறைய 4 கிராம் நிறையுடையது. ஒரு புறம் முடிநாடா அணிந்த மன்னன் தலை. மறுபுறம் வெற்றித் தேவதையைக் கையிலேந்திய அதீனா. தேவியின் அடியில், மன்னனது ஆட்சியாண்டு கிரேக்க எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும்.

கி.மு. 95ஆம் ஆண்டளவில் பழைய அரச மரபு அற்றுப்போயிற்று. "இனி நீங்கள் சுதந்திரர்" என உரோமர் அறிவிக்க, மக்களோ தமக்கு ஓர் அரசனே வேண்டுமெனக் கேட்டனர். அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவன் முதலாம் அரியோபார்சானிஸ். பொந்துஸ் மன்னன் மித்திரிடேட்டிஸ் இவனைப் பன்முறை நாட்டைவிட்டுத் துரத்தினான். உரோமர் பன்முறை மீட்டு அமர்த்தினர். காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி நோக்கின், இளமை குன்றிக் கன்னம் ஒட்டி முதுமையுறும் ஒரே முகத்தைக் காண்கின்றோம். பெயரருகே, "உரோமரின் நண்பன்" என்னும் பட்டம்.

அந்நட்பின் விலை யாது? இவன் பேரன் மூன்றாம் அரியோபார்சானிஸ் உரோமப் பிரபுக்களிடம் பெருங்கடன் பட்டிருந்தான். மாதந்தோறும் 33 தாலந்து, அதாவது 1,98,000 திராக்மா, பொம்பேயிக்குச் செலுத்தியும் அது வட்டிக்கே போதவில்லை என, அயல் மாகாணத்தை ஆண்ட சிசரோ கி.மு. 50இல் கடிதமொன்றில் குறிப்பிட்டார். கி.மு. 42இல், சதி செய்தானெனக் குற்றஞ்சாட்டி, காசியஸ் என்னும் உரோமத் தளபதி அவனைக் கொல்வித்துத் திரவியத்தையும் கவர்ந்தான். அவன் காசிலும் "உரோமரின் நண்பன்" என்ற பட்டமே பொறிக்கப்பட்டிருந்தது.

இறுதி மன்னன் ஆர்க்கலாவோஸ், அகஸ்டஸ் சீசரைப் போற்றித் தலைநகருக்குச் சீசரியா எனப் பெயரிட்டான். ஆயினும், அடுத்த பேரரசர் திபேரியஸ் அவனை உரோமுக்கு அழைப்பித்தார். கி.பி. 17இல் அவன் அங்கேயே மாண்டான். நாடு உரோம மாகாணமாயிற்று. சீசரியா என்ற அப்பெயரே இன்று கைசேரி என மருவி வழங்குகின்றது.

வல்லரசின் நிழலில் ஒதுங்கிய சிற்றரசின் தலைநகர் தன் பழம்பெயரையும் இழந்த கதை இது. ஆயினும் அந்நகரில் காசடிப்பது நிற்கவில்லை. புதிய வெள்ளிக் காசுகளில் ஒரு புறம் உரோமப் பேரரசரின் தலை இடம்பெற்றது. மறுபுறத்திலோ அந்நாட்டு மக்கள் தெய்வமாக வணங்கிய அர்கேயஸ் மலை. மலையைத் தொழும் மரபில் வந்த நமக்கு, அவர்கள் எதனை விட்டுக்கொடுக்கவில்லை என்பது எளிதில் விளங்கும்.