காத்திருந்த பாடம்

நுழையும் முன்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பேச்சு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. எழுத்தையோ அவர்கள் தேடிப் பெற வேண்டியுள்ளது. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் தமிழ் எழுத்தைத் தேடிப் பெற்ற மாணவி ஒருத்தியின் நினைவுகளே இப்பாடம்.

எங்கள் வீடு பெங்களூரு மாநகரில், மல்லேஸ்வரம் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் உள்ளது. அப்பா தொடர்வண்டித் துறையில் பணிபுரிகிறார். எங்கள் சொந்த ஊர் ஜோலார்பேட்டையை அடுத்த சிற்றூர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என நான்கு மொழிகளின் நடுவே நான் வளர்ந்தேன். ஆயினும், ஊரிலிருந்து தாத்தா எழுதும் அஞ்சலட்டையை என்னால் படிக்க இயலாது. அப்பாதான் படித்துக் காட்டுவார். 'பாப்பாவுக்கு' என்று தாத்தா எழுதியதை இன்னொருவர் படித்தால், அஃது எனக்கு வந்த கடிதம் ஆகுமா என்று எண்ணி ஏங்குவேன். எனவே, ஆறாம் வகுப்பில் விருப்பமொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆனால், அவ்வாண்டு நான் வகுப்பறைக்குள் செல்லவே இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி, உலகின் பெரும்பாலான நாடுகள் பள்ளிகளை மூடின. 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டுக்குள் இருந்தனர். அவர்களுள் நானும் ஒருத்தி.

எப்போதும் மக்கள் நெரிசல் மிகுந்த சம்பிகே சாலை அன்று ஓசையற்றுக் கிடந்தது. எட்டாவது குறுக்குத் தெருவில் பூக்கடைகள் இல்லை. மாடியில் நின்று அதனைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, அப்பா எங்கள் பகுதியின் வரலாற்றைக் கூறினார். 1898ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான பழைய பேட்டைப் பகுதியில் பலர் மாண்டனர். காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற தெருக்களை உடைய குடியிருப்புகளின் தேவையை அப்போது மக்கள் உணர்ந்தனர். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அவ்வாறு வளர்ந்த பகுதிகள். நோய்த் தடுப்புப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காகத் தொலைபேசிக் கம்பிகளும் அக்காலத்தில் அமைக்கப்பட்டன. "அன்று தொலைபேசி மருத்துவப் பணிக்கு உதவியது, இனி உன் படிப்புக்கும் அதுதான் உதவ வேண்டும்" என்றார் அப்பா.

அவர் சொன்னது போலவே, பள்ளி திறன்பேசி வழியாக நடக்கத் தொடங்கியது. நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு திறன்பேசி. பயணியர் வண்டிகள் நின்றுவிட்டாலும், அரிசியும் நிலக்கரியும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகள் நிற்கவில்லை. ஆதலால் அப்பாவின் பணியும் நிற்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவர் புறப்படும்போது திறன்பேசியும் அவருடன் புறப்பட்டுவிடும். அம்மாவிடம் இருந்தது பொத்தான்களை அழுத்திப் பேசும் பழைய கைப்பேசி. அதில் குரல் கேட்கும், வகுப்பு வராது.

மூன்று வாரங்கள் சென்றன. ஒருநாள் தமிழாசிரியை அம்மாவின் கைப்பேசிக்கு அழைத்தார்.

"ஏனம்மா, உன்னை வகுப்பில் காணவே முடியவில்லையே?"

"சிக்னல் கிடைக்கவில்லை, டீச்சர்."

எங்கள் வீட்டில் ஒரே திறன்பேசிதான் உள்ளது என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. பொய் சொன்னதை எண்ணி என் முகம் சுருங்கியது. அம்மா என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்:

"காலையில் மட்டும் சிக்னல் இல்லையா? இரவிலும் இல்லையா?"

"இரவில் கிடைக்கும், டீச்சர். எட்டு மணிக்குமேல் கிடைக்கும்."

"நல்லது. அப்படியானால், இரவு வரை உனக்காகக் காத்திருக்கும் பாடம் ஒன்றை அனுப்புகிறேன்."

அவர் என் பொய்யைப் புரிந்துகொண்டார், ஆனால் சுட்டிக்காட்டவில்லை. அன்று முதல், காலையில் நடத்தும் பாடத்தைப் பத்து நிமிட ஒலிப்பதிவாக்கி அப்பாவின் எண்ணுக்கு அனுப்பத் தொடங்கினார். எங்கள் வகுப்பில் மேலும் மூவர் அந்தப் பதிவுகளைக் கொண்டே படித்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அப்பா வீடு திரும்பியதும் திறன்பேசியைத் துடைத்துத் தருவார். ஏழு மணி முதல் எட்டு மணி வரை தம்பிக்கு, அதன்பின் எனக்கு. ஆசிரியையின் குரலைக் கேட்டபின், அவர் காட்டிய தளங்களைத் திறப்பேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளம் அவற்றுள் முதன்மையானது. உலகெங்கும் வாழும் தமிழர் இணையவழித் தமிழ் கற்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 2001ஆம் ஆண்டிலேயே அதனைத் தொடங்கியது. கொரோனாவுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, வகுப்பறைக்கு வர இயலாத குழந்தைகளை எண்ணிச் செய்த ஏற்பாடு அது. அதன் மழலைக் கல்விப் பகுதியில் பாடல்களையும் கதைகளையும் கேட்டேன். 'ல', 'ள', 'ழ' ஆகிய மூன்றின் ஒலி வேறுபாட்டை உணரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். எத்தனை முறை கேட்டாலும் பதிவு சலிப்படைவதில்லை.

மற்றப் பாடங்களுக்குத் திக்ஷா என்னும் தளம் உதவியது. நடுவண் அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய தளம் அது. பாடநூலில் அச்சிட்டுள்ள கியூஆர் குறியீட்டைத் திறன்பேசியால் படம்பிடித்தால், அப்பாடத்துக்குரிய காணொலி தோன்றும். அதுவும் இரவு எட்டு மணிக்காகக் காத்திருந்தது.

திறன்பேசியே இல்லாத வீடுகளும் எங்கள் தெருவில் இருந்தன. எதிர்வீட்டு அக்கா அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அவர் சந்தனா தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பாடங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அங்குள்ள பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. கர்நாடகத்தில் 'வித்யாகம' என்னும் திட்டத்தின்கீழ் ஆசிரியர்களே மாணவர் வாழும் இடங்களுக்குச் சென்று, கோயில் முற்றங்களிலும் மரத்தடிகளிலும் பாடம் நடத்தினர். தொற்றுப் பரவும் அச்சத்தால் அத்திட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. ஆசிரியர் நேரில் வருவதில் எத்துணை நன்மை உண்டோ, அக்காலத்தில் அத்துணை இடரும் இருந்தது.

2021ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தாத்தாவின் அஞ்சலட்டை வந்தது. அப்பா அதனைப் படிக்காமல் என்னிடம் நீட்டினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்கு வரிகளைப் படிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "பாப்பாவுக்கு, நம் வீட்டு மாமரம் பூத்துவிட்டது. காய்ப்பதற்குள் நோய் தணிந்துவிடும். நீ வந்துதான் முதல் காயைப் பறிக்க வேண்டும்" என்று தாத்தா எழுதியிருந்தார். வாழ்வில் முதன்முறையாக எனக்கு ஒரு கடிதம் வந்தது போல் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னொரு முறை படி" என்றார். மீண்டும் படித்தேன்.

எனக்குத் தமிழ் முழுமையாக வந்துவிட்டது என்று அன்று கருதினேன். அவ்வாண்டு செப்டம்பரில் பள்ளி திறந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. முகக்கவசம் அணிந்து, ஒரு மேசைக்கு ஒருவராக அமர்ந்தோம். ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதினோம். என் அருகில் வந்தவர், என் கையைக் கண்டு நின்றுவிட்டார். நான் 'ழ' என்னும் எழுத்தைக் கீழிருந்து மேலாக எழுதிக் கொண்டிருந்தேன். 'இ' என்னும் எழுத்தை மூன்று துண்டுகளாக ஒட்டிக் கொண்டிருந்தேன்.

"நீ எழுத்தை எழுதவில்லையம்மா, வரைகிறாய்" என்று சிரித்தார்.

ஓராண்டுக்கும் மேலாக என் வீட்டுப்பாடத்தைப் படம்பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவரும் பிழைகளைச் சிவப்பு வண்ணத்தில் திருத்தி அனுப்பியிருக்கிறார். ஆனால், படத்தில் எழுதி முடித்த எழுத்துத்தான் தெரியும். எழுதும் கை தெரியாது. அன்று அவர் கரும்பலகையில் மெதுவாக எழுதிக் காட்டினார். நான் அவர் கையின் போக்கைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரே பிற்பகலில் அப்பிழை நீங்கியது.

இணையக் கற்றல் தளங்களைப் பற்றி இன்று எவரேனும் கேட்டால், இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வேன். காலை ஒன்பது மணிக்கு வர இயலாத என்னை அவை கைவிடவில்லை. இரவு வரை காத்திருந்தன. ஆனால், என் வருகை நின்றதைக் கண்டு "ஏனம்மா?" என்று கேட்டவர் ஓர் ஆசிரியை. என் கை தவறாகச் செல்வதைக் கண்டவரும் அவரே.

அன்று மாலை தாத்தாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். முதல் காயைப் பறிக்க வர இயலாததற்கு மன்னிப்புக் கேட்டேன். முகவரியையும் நானே எழுதினேன். அப்பாவிடம் கொடுக்காமல், அம்மாவுடன் நடந்து சென்று நானே அஞ்சல் பெட்டியில் இட்டேன்.

சொல்லும் பொருளும்

பெருந்தொற்று – உலகெங்கும் பரவும் நோய்
திறன்பேசி – இணைய வசதி உள்ள கைப்பேசி
நாணம் – கூச்சம்
இடர் – துன்பம், ஆபத்து
நடுவண் அரசு – மத்திய அரசு

வினாக்கள்

1. மாணவி விருப்பமொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
2. "இரவிலும் இல்லையா?" என்று ஆசிரியை கேட்டதிலிருந்து நீங்கள் அறிந்துகொள்வது யாது?
3. "நீ எழுத்தை எழுதவில்லையம்மா, வரைகிறாய்" – இக்கூற்றை விளக்குக.
4. உங்கள் சொந்த ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்குத் தமிழில் அஞ்சலட்டை எழுதுக.