பெரியவரின் குரல்

எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை நாங்கள் படித்தெழுதிய கோப்புகள் பழைய வன்தட்டு ஒன்றில் இருந்தன. உடன் அமர்ந்து வாசிக்கக் கற்றுத்தந்த பெரியவரின் குரற்பதிவும் அதில்தான். சென்ற மாதம் அது 'டக் டக்'கென ஒலிக்கத் தொடங்கியது. பதற்றத்தில் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்தோம். செய்யக்கூடாத பிழை அது. பழுதுநீக்கும் நிரலை அதிலேயே ஓட்டுவதும் அவ்வாறே.

பிறகு லினக்சில் டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு தட்டில் படியெடுத்தோம். அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பின்னரே திரும்பும். இரண்டு இரவுகள் ஆயின.

கோப்புகளைத் திறந்தால் புரியாத எழுத்துகள்! பழுதன்று, ஒருங்குறி பரவலாவதற்கு முந்தைய திஸ்கி. மாற்றியதும் தெளிந்தன. சிதைந்த ஒளிப்படங்கள் பல. கல்வெட்டுகளை மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் இன்று இல்லை. பதிவின் நடுவே ஏழு நிமிடங்கள் வெறும் இரைச்சல்.