ஒரு 'காண்க' அட்டை

தந்தையாருக்கு மஞ்சள் காமாலை. எதை உண்ணலாம், எது ஆகாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊர் நூலகத்துக்கு ஓடினேன். நூற்பட்டியல் அட்டைகளில் 'ம' வரிசை முழுவதும் புரட்டினேன், ஒன்றுமில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

எட்டு நாள் கழித்து நூலகர் சொல்லித்தான் தெரிந்தது, 'கல்லீரல் நோய்கள்' என்னும் தலைப்பில் நான்கு நூல்கள் உறங்குவது! ஒரு பொருளுக்கு ஒரே தலைப்பு என்பது விதியாம். நல்ல விதிதான், இல்லையேல் நூல்கள் பத்து இடங்களில் சிதறும். ஆனால் மக்கள் வழங்கும் சொல்லிலிருந்து அங்கே வழிகாட்ட ஓர் அட்டை வேண்டாமா? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே 'குக்கரி' என்ற பழந்தலைப்பை 2010இல்தான் 'குக்கிங்' என்று மாற்றியது!

நூலகர் வெற்று அட்டை ஒன்றை நீட்டினார். 'மஞ்சள் காமாலை: கல்லீரல் நோய்கள் காண்க' என்றெழுதி, 'ம' வரிசையில் நானே செருகினேன்.