கோட்டை கோட்டையா ஒரு கார் பயணம்

மக்களே, பொங்கலை ஒட்டி நாலு நாள் லீவு சிக்கியிருக்கு. சென்னையிலிருந்து வேளாங்கண்ணி வரை, முடிஞ்ச அளவு கடலை ஒட்டியே காரில் போறதா திட்டம். அம்மாவுக்கு அங்கே ஒரு நேர்த்திக்கடன். எனக்கு இடிஞ்ச கோட்டைகளைப் பார்க்கிற வியாதி. அப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு எட்டு மாசம் ஆகுது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்கணும்னு டாக்டர் கண்டிஷன். அதனால கிலோமீட்டர் கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு, அப்பா கால் கணக்கிலே மேப் போட்டேன் :)

முதல் நாள்: மாமல்லபுரம் எல்லாரும் பார்த்ததுதான், தாண்டிடலாம். கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கோட்டை, உள்ளே சித்திர வேலைப்பாடோட கல்லறைகள். அடுத்து கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. 1750ல் டூப்ளேக்கு வந்தது, 1760ல் ஆங்கிலேயர் இடிச்சுட்டாங்க. மிச்சமிருக்கிற செங்கல் சுவர்களுக்கு எதிரிலேயே கழிமுகம். ராத்திரி புதுச்சேரி.

இரண்டாம் நாள்: கடலூர் தேவனாம்பட்டினம். 1690ல் மராட்டியர்கிட்ட ஆங்கிலேயர் வாங்கின கோட்டை இருந்த ஊர். அதுக்கு அப்புறம் கடலோரமா நேரா போக முடியாது. பிச்சாவரம் சதுப்புக்காடு, கொள்ளிட முகத்துவாரம் எல்லாம் குறுக்கே வரும். சிதம்பரத்துல சாப்பிட்டு, சீர்காழி வழியா தரங்கம்பாடி.

இங்கே மட்டும் ஒரு ராத்திரி முழுசா. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியோட டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டை, 1845ல் ஆங்கிலேயருக்கு விற்கிற வரை அவங்க ஊர். 1706ல் வந்த சீகன்பால்கு இங்கேதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சார். கரையில மாசிலாமணிநாதர் கோயில், பாதியை அலை தின்னுடுச்சு. பார்க்கணும்னா சீக்கிரம் பார்த்துடணும்.

மூணாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. தூரம் கம்மி. ஆனா சிக்கல் இங்கேதான்.

2004 சுனாமியில நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அதுல அப்பாவோட காலேஜ் சிநேகிதர் ஒருத்தர். அப்புறம் அப்பா அந்தப் பக்கமே போகலை. "நாகையை விட்டுடலாமா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் மேப்பையே பார்த்தார். "வேணாம்டா. அங்கே அரை மணி நேரம் சேர்த்துப் போடு"ன்னார். போட்டாச்சு.

நாலாம் நாள் உள்நாட்டு ரோட்டுல திரும்பிடறோம்.

டிஸ்கி: தரங்கம்பாடியில காரம் கம்மியா மீன் குழம்பு கிடைக்கிற இடம் தெரிஞ்சவங்க சொல்லிட்டுப் போங்கப்பா. டாக்டருக்கு மட்டும் சொல்லிடாதீங்க!