பத்து ரூபாய் யூனிட்டும் அப்பாவின் பி.எஃப். பணமும்

என்னடா, எக்ஸாமையும் அரியரையும் பத்தி எழுதிட்டு இருந்தவன் திடீர்னு மியூச்சுவல் ஃபண்டுக்குத் தாவிட்டானேன்னு பாக்குறீங்களா? காரணம் இருக்கு மக்களே. போன மாசம் அப்பா ரிடையர் ஆனார். பி.எஃப். பணம் வந்த வாரமே, தெரிஞ்ச ஏஜெண்ட் மாமா ஒருத்தர் ஃபாரத்தோட வந்துட்டார். "புது ஃபண்டு சார், யூனிட் பத்தே ரூபாய். பழசெல்லாம் ஐநூறைத் தாண்டிடுச்சு. மலிவா இருக்கும்போதே வாங்கிப் போட்டுடுங்க."

அப்பாவுக்கு நியாயமாப் பட்டுது. எனக்கு என்னவோ இடிச்சுது. உக்காந்து படிச்சேன்.

பல பேர் பணத்தை ஒண்ணாச் சேர்த்து ஷேரோ கடன் பத்திரமோ வாங்கி வெக்கிறதுதான் ஃபண்டு. அதோட அன்றைய மொத்த மதிப்புல செலவைக் கழிச்சு, யூனிட் எண்ணிக்கையால வகுத்தா வர்றது என்.ஏ.வி. 10,000 ரூபாய்க்குப் புதுசுல 1,000 யூனிட், பழசுல 20 யூனிட். ரெண்டும் ஒரே ஷேர்களை வெச்சிருந்து 10 சதவீதம் ஏறினா, ரெண்டுலயும் 11,000 ரூபாய்தான். தோசையை எட்டாப் பிச்சாலும் நாலாப் பிச்சாலும் தோசை ஒண்ணுதானே :-) பழசுக்காவது பத்து வருஷக் கணக்கு இருக்கு. புதுசுக்கு வழவழ நோட்டீஸ் மட்டும்தான்.

நிஜமான விலை எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. ஃபண்டுலேர்ந்து தினமும் சத்தமில்லாமக் கழியும். ரெகுலர் பிளான்னா ஏஜெண்ட் கமிஷனும் அதுல அடக்கம். 2013 ஜனவரியிலேர்ந்து கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானும் இருக்கணும்னு செபி சொல்லிடுச்சு. அதே மேனேஜர், அதே ஷேர்கள். ஒரு சதவீதம்தானேன்னு விட்டுடாதீங்க. ஒரு லட்சம் 20 வருஷத்துல 12 சதவீதத்துல 9.65 லட்சம், 11 சதவீதத்துல 8.06 லட்சம். (12 வரும்னு எவனும் கேரண்டி தர முடியாது, இது வெறும் கணக்கு.)

அப்பா ஒண்ணுதான் கேட்டார்: "அவர் வீடு தேடி வர்றாரே, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவுக்கு ஓடி வந்து கையெழுத்து வாங்கித் தர்றதும் அவர்தானே, அதுக்குக் கூலி வேண்டாமா?"

வேணும்தான். ஆனா வருஷா வருஷம், ஏறுற மொத்தத் தொகை மேலயா?

ஃபாரம் இன்னும் டிவி பக்கத்துலதான் கிடக்கு. ரெண்டு வருஷத்துல தேவைப்படுற தங்கச்சி கல்யாணப் பணத்தை மட்டும் பேங்க் டெபாசிட்ல போட்டுட்டோம். அதுல எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல.